நேராகத் தூக்கக் கூடாது

கம்ப்யூட்டருக்குள் இருந்த ஃபேனைப் பிடித்து மேலே தூக்கியபோது பிராசசரும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. மதர்போர்டில் அது இருந்த இடம் பல் பிடுங்கிய ஈறு மாதிரி காலியாகக் கிடந்தது. கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கத் தங்க நிறத்தில் பொடிப்பொடிப் பின்கள். எல்லாம் நிமிர்ந்து நிற்க வேண்டியவை. ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டிருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"என்னடா, சத்தத்தையே காணோம்?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

கம்ப்யூட்டருக்கு மூளையான இந்தப் பிராசசரைச் செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. பெயரைச் சொல்லி ஓசி விளம்பரம் தருவானேன். எங்கள் குடும்பத்தில் பெட்டியின் நிறத்தை வைத்து ஒன்றை நீலம் என்போம், மற்றதைச் சிவப்பு. நான் நீலம். முதன்முதலில் வாங்கியது நீலம், அடுத்ததும் நீலம், அப்படியே பழகிவிட்டது. அக்காவின் கணவர், என் மச்சான், சிவப்பு. அவர் சாதாரணச் சிவப்பு இல்லை. நீலம் போட்ட கம்ப்யூட்டரில் டிக்கெட் எடுத்தால் அந்த ரயிலே லேட்டாகத்தான் வரும் என்று சொல்கிற ஆள். மருத்துவமனைகளில் ஸ்கேன் கருவி பழுது பார்க்கிற வேலை அவருக்கு. கருவிகளிடம் அவருக்கு இருந்த பொறுமையை மனிதர்களிடம் நான் பார்த்ததில்லை, என் ஒருவனைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனால் நான் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். "உன் நீலம் வருஷா வருஷம் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வருது மாப்ள, உள்ள இருக்குறது அதே ஆளுதான்" என்பார். "உங்க சிவப்ப வச்சு வெந்நீர் போட்டுக்கலாமாமே மச்சான்" என்பேன். அவ்வளவுதான், பிடித்துக்கொள்ளும். அவர் லேப்டாப்பைத் திறந்து வரைபடங்களைக் காட்டுவார். அந்த வரைபடம் யார் போட்டது என்று நான் குடைவேன். இருவரும் தொண்டை கட்டும்வரை கத்துவோம். உலகத்தில் யாருக்கும் பிரயோசனமில்லாத அந்தச் சண்டையைப் போல் எனக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை. எனக்கு அண்ணன் கிடையாது. அந்தக் குறை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

போன வருடம் அவர்களுக்கு விவாகரத்து ஆயிற்று. அடிதடி, குடி, இன்னொரு பெண் என்று எதுவும் இல்லை. காரணம் கேட்டு வந்த உறவுக்காரர்கள் ஏமாந்துதான் போனார்கள். என்னிடம் மட்டும் அக்கா ஒரு தடவை சொன்னாள். "அந்த வீட்ல நான் இருந்தேங்கறதே அவருக்கு நான் கிளம்புன அன்னிக்குத்தான் தெரிஞ்சுது." பெட்டிகளோடு என் வீட்டுக்கு வந்தாள். அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. நின்றதற்கு நான் யாரிடமும் துக்கம் கொண்டாட முடியாது. விட்டுவிட்டு வந்தவள் அவள், இதில் உனக்கென்ன வலி என்றுதான் யாரும் கேட்பார்கள்.

நான் வீட்டிலிருந்தபடி கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவன். பழைய கம்ப்யூட்டர் ஒரு காலை எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. புதிதாக ஒன்று சேர்க்க வேண்டும். எனக்கு வருத்தத்துக்குப் பதில் சந்தோஷம் வந்தது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவரைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைத்துவிட்டதே. மாடிக்குப் போய் நின்றுகொண்டு போன் செய்தேன்.

"புதுசா கம்ப்யூட்டர் போடுறேன் மச்சான். இந்தத் தடவையும் நீலம்தான். உங்க கிட்ட சொல்லிட்டுச் செய்யலாம்னு."

சண்டைக்குத்தான் இழுத்தேன்.

"ரெண்டும் இப்ப நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்களுக்கு எது தோதா இருக்கோ அத வாங்கிக்கங்க" என்றார்.

தம்பி. வாங்கிக்கங்க. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் போனை வைத்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கடையில் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்கள். என் வேலைக்கு இரண்டுமே போதும், வேகத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. நான் சிவப்பைத் தொட்டேன். அதற்கேற்ற மதர்போர்டும் வேண்டும், ஒன்றின் பிராசசர் மற்றதன் போர்டில் உட்காராது. அதையும் எடுத்துக் கட்டச் சொன்னேன். இத்தனை வருடக் கட்சியை ஒரு நொடியில் மாற்றிக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். இதில் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த ஆளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அக்கா பெட்டியைப் பார்த்ததும் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"இது அவரு கட்சி ஆச்சே."

"கடையில இதுதான் இருந்துச்சு."

"நீ பொய் சொன்னா உன் காது செவக்கும்டா." மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். "நீங்க ரெண்டு பேரும் கத்திக்கிட்டு இருப்பீங்க. நான் டீ கொண்டு வந்து வைப்பேன். ஒரு நாளாவது உக்காருக்கான்னு நீயாவது சொன்னியா? பரவால்ல, விடு. அவர இங்க மட்டும் வரச் சொல்லாத."

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. யாரையும் கூப்பிடாமல் நானே எல்லாவற்றையும் மாட்டினேன். ஓடவும் செய்தது. ஆனால் வழக்கத்தைவிடச் சூடு ஏறுகிறதோ, ஃபேனுக்கும் பிராசசருக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் சரியாகப் பரவவில்லையோ என்று ஒரு சந்தேகம். கழற்றிப் பார்க்கலாம் என்று நீலத்தில் செய்கிற பழக்கத்தில் நேராக மேலே தூக்கினேன். நீலத்தில் பிராசசரை ஒரு இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கும், பின்களும் போர்டில்தான் இருக்கும். நான் வாங்கிய சிவப்பில் பின்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. மேலே சட்டமும் இல்லை, பேஸ்ட் காய்ந்தால் பசை போலப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஓட்டிச் சூடாக்கி, இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிறகுதான் எடுக்க வேண்டும். சிவப்புக்காரர்களுக்கு அது பாலபாடம். நீலத்திலேயே வளர்ந்த என்னைப் போன்றவன்தான் இப்படித் தூக்குவான்.

பிராசசரை அதன் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, வெளியே போய்வருவதாக மட்டும் அக்காவிடம் சொன்னேன். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு மச்சான் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றார். இளைத்திருந்தார். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதன்மேல் இஸ்திரி போடாத சட்டைகள். அவற்றை அள்ளிக் கட்டிலில் போட்டார். நான் பெட்டியை நீட்டினேன். நிறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திறந்து பார்த்துவிட்டு, "நேரா தூக்கிட்டீங்களா?" என்றார்.

"ஆமா மச்சான்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பழைய நாளாயிருந்தால் ஆறு மாதத்துக்கு இதை வைத்தே என்னை ஓட்டியிருப்பார். அவரோ மேசையைத் துடைத்து, விளக்கை இழுத்து வைத்து, உள்ளே லெட் இல்லாத மைக்ரோ டிப் பென்சில் ஒன்றைத் தேடி எடுத்தார். அதன் முனையிலுள்ள ஓட்டைக்குள் பின்னை நுழைத்து, மூச்சு விடுகிற அளவுக்கு மெல்ல நிமிர்த்தினார். ஒன்று எழுந்தது. அடுத்தது. நான் பக்கத்தில் குனிந்து நின்றேன். அவருடைய தலையில் இவ்வளவு நரை எப்போது வந்தது?

பாதி வரிசை நிமிர்ந்திருக்கும். பென்சிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாப்ள, அந்த லைட்ட கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்" என்றார்.

சாய்த்தேன். "இருந்திருந்து எங்க கட்சிக்கு வந்த, வந்ததும் முதுகெலும்ப ஒடிச்சிட்டியே" என்று முனகினார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "உங்க சிவப்புக்கு நின்னு பழக்கமில்ல போல மச்சான்" என்றேன். "வாய் மட்டும் கொறையல உனக்கு" என்றார். பிறகு, அதே மூச்சில், "உங்கக்கா நல்லாருக்காளா?" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. "நல்லா தூங்குறா" என்றேன். அதுதான் உண்மை. என் வீட்டுக்கு வந்தபிறகு அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

அவர் தலையாட்டினார். கடைசி மூலையிலிருந்த பின்னைப் பென்சிலுக்குள் நுழைத்தார். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக நிமிர்த்தினார். ஊசி முனை உரசுகிற அளவுக்குத்தான் சத்தம் கேட்டது.

"ஒடிஞ்சிருச்சு" என்றார்.

பின் மேசைமேல் விழுந்திருந்தது. வெறும் மின்சாரத்தைத் தரைக்கு விடுகிற பின்னாக இருந்தால் இது இல்லாமலும் ஓடும், இல்லையென்றால் இல்லை, போய்ப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று விளக்கினார். ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆட்களிடம் பேசுகிற குரல் அது. பிராசசரைப் பெட்டியில் வைத்து மூடி என் கையில் கொடுத்தார்.

"ஓடலன்னா வர்றேன் மச்சான். ஓடினாலும் வர்றேன். ஞாயித்துக்கிழமை..."

"ஓடலன்னா நீலமே வாங்கிக்கங்க தம்பி" என்றார். கதவுப்பக்கம் வந்து நின்றுகொண்டார். "அதுல உங்களுக்கு எல்லாம் தெரியும். யாரையும் தேடி வர வேண்டியதில்ல."

படிகளில் இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் யாரோ ஒருவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஜன்னலில் நின்றிருந்தார். வலது கை உயர்ந்திருந்தது. கூப்பிடுகிறார் என்று நினைத்து இரண்டடி திரும்ப நடந்தேன். இல்லை. ஆள்காட்டி விரல் நுனியில் எதையோ, ஒடிந்த பின்னாகத்தான் இருக்கும், ஒட்டி எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவராக, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.