விரல் பூட்டு

சலவைக்கூடத்தில் விடுதிகளின் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு சோபாவில் சாய்ந்தாள். கண் அயர்ந்த சற்று நேரத்தில் அவளது வலக்கை மெல்ல உயர்ந்தது. தானாக அல்ல, மகள் தூக்கினாள்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. மாலையில் ஒரு மணி நேரம் ஓடியதும் அவளுடைய செல்போன் தானே பூட்டிக்கொள்ளும். முதலில் எண் பூட்டுதான் இருந்தது. அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றே அதை மனப்பாடம் செய்துவிட்டாள். அதனால் அம்மாவின் ஆள்காட்டி விரல் பட்டால்தான் திறக்கும் என்று அப்பா மாற்றிவைத்தார்.

அதுவோ இஸ்திரிச் சூட்டில் ரேகை தேய்ந்த விரல். போன் அதை எளிதில் அடையாளம் காணாது. மகள் அதைச் சட்டை நுனியால் துடைப்பாள், உள்ளங்கைகளுக்குள் பொத்திவைப்பாள், வாயருகே கொண்டுபோய் ஊதி, மறுபடி வைத்துப் பார்ப்பாள்.

முதல் நாளே அம்மா விழித்துக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் சாலையைக் கடக்கும்போதுகூட, "விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று உதறிக்கொள்ளும் பெண், இப்படி இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு எத்தனை காலமாயிற்று! கண்ணைத் திறந்தால் பூட்டு பிழைத்துவிடும், பிடி போய்விடும். சண்டை போட உடம்பில் தெம்பும் இல்லை.

பிறகு, மகள் வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

"பூட்டு ரிப்பேரா, பூட்டுக்காரி ரிப்பேரா?" என்று கேட்டார் பேருந்து ஓட்டிவிட்டு வந்த கணவர்.

"ரெண்டும்தான். வேணும்னா உங்க மூக்கை வெச்சுப் பூட்டுங்க."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திருடன் தடவிக்கொடுத்த சுகத்தில் குரைக்க மறந்த காவல் நாயை எல்லாரும் திட்டுவார்கள். அதன் தலையை வீட்டார் தடவி எத்தனை நாளாயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

மறுநாள் வேலைக்குப் புறப்படுமுன் அவளே விரலை மாற்றிவிட்டாள். இடக்கைச் சுண்டுவிரல்.

மாலையில் மகள் வந்து அருகே மண்டியிட்டாள். ஆள்காட்டி விரலைத் துடைத்தாள், ஊதினாள், வைத்தாள், திறக்கவில்லை. நடுவிரலுக்கும் திறக்கவில்லை. மோதிரவிரலில் இஸ்திரி சுட்ட புதுக் கொப்புளம் ஒன்று இருந்தது. அங்கே மகளின் கை நின்றது. அதைத் தொடாமல் சுற்றிலும் மெல்லத் தடவிவிட்டுச் சுண்டுவிரலுக்குப் போனாள். அதுவும் பலிக்கவில்லை, கட்டைவிரலும் பலிக்கவில்லை.

இனிக் கை கீழே வைக்கப்படும் என்று அம்மா காத்திருந்தாள். வைக்கப்படவில்லை.

"நடிக்காதம்மா. இமை ஆடுது," என்றாள் மகள் மெதுவாக. "தினமும்தான் ஆடுது."

மகள் போனை அம்மாவின் முகத்தருகே நீட்டினாள்.

"அந்தக் கைய குடு."

இடக்கை கன்னத்துக்கடியில் மரத்துப்போய்க் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. போன் தரையில் வைக்கப்படும் சிறு சத்தம் கேட்டது. வலக்கை இன்னும் மகளின் பிடியிலேயே இருந்தது. பிறகு, மறுபடியும் ஒரு மூச்சு பட்டது, இம்முறை கொப்புளத்தின்மேல்.