ஓமந்தை பூட்டுவதற்குள்

அமராவதி, கொம்பனி ஆளுக்குக் கதிரையை முந்தானையால் துடைத்துப் போட்டபோதே ஹாலிதாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். அப்படித் துடைத்துப் போடுகிறவளின் வாயிலிருந்து முறைப்பாடு வராது.

தண்ணீரூற்றுப் பக்கம், அந்த ஒழுங்கையில் எல்லாத் தகரக் கூரையிலும் ஒரு சோலார் பனல் இருந்தது. சண்டை நின்று பாதை திறந்த கையோடு ஒரு கொம்பனி கொண்டுவந்து தவணைக் காசுக்குப் பொருத்திவிட்டுப் போனது. முதல் வருசம் நன்றாக எரிந்தது. அடுத்த வருசம் பற்றரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பொழுதுபட்டதும் கொஞ்ச நேரம் வெளிச்சம், பிறகு இருட்டு. பற்றரிக்கு உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. மாற்றித் தரச்சொல்லிக் கேட்கப் பாவனையாளர் சங்கம் கூட்டினார்கள். கூட்டத்தில் கத்தியது கனகலிங்கம். கிளிநொச்சிக்கும் கொம்பனி முகவரின் வீட்டுக்கும் அலைந்தது ஹாலிதா.

அவள் அலைந்ததற்குக் காரணம் இருந்தது. பகலில் வயல் கூலி. இரவில் நவ்பரின் கடைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைப்பாள். வெள்ளைத் துணி. மண்ணெண்ணெய் விளக்கடியில் தைத்தால் கரி படிகிறது. ஒரு கட்டுச் சட்டையை அவர் ஏற்கெனவே திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு கட்டும் கறுத்தால் வேலை வேறு ஆளுக்கு. புருசன் மஸாஹிர், அகதியாய்ப் போயிருந்த புத்தளத்திலேயே நின்றுவிட்டான். காசும் வருவதில்லை, கதையும் வருவதில்லை.

கடைசியில் கொம்பனி ஓர் ஆளை அனுப்பியது. சுகந்தன் என்று பெயர், வவுனியாப் பொடியன். சொல்லவேண்டியதை வந்ததும் சொன்னான்.

"அக்கா, ஒண்டு ரெண்டு வீடெண்டால் பாவிச்ச ஆக்களின்ர பிழை எண்டுதான் எடுப்பாங்கள். பாதி வீட்டுக்கு மேல பழுதெண்டால் சாமான் பிழை. எல்லாருக்கும் மாத்தலாம்."

"எல்லா வீட்டிலயும் பழுதுதான்."

"அதை வீட்டுக்காரர் சொல்லவேணும். பகலில போட்டால் எரியும்தானே, வெயில் குடுக்குது. இருட்டும் மட்டும் நிண்டு பாக்க ஏலாது. ஓமந்தைச் செக்பொயின்ரை ஆமிக்காரர் பூட்டிடுவாங்கள்."

அதுதான் விசயம். எந்தக் கொம்பனிக்காரனும் இந்த ஒழுங்கையில் ஓர் இரவைக் கண்டதில்லை.

அமராவதி தேத்தண்ணி கொடுத்தாள். பிஸ்கற் வைத்தாள். அம்மா சுகமோ, கலியாணம் முடிச்சாச்சோ என்று விசாரித்தாள்.

"லைட் எப்பிடி அம்மா?"

"ஒரு குறையும் இல்லைத் தம்பி. நல்லா எரியுது."

ஹாலிதா அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். "அக்கா, நேற்றும் இருட்டிலதானே இருந்தனீங்கள்?"

"கத்தாதை. பழுதெண்டால், சரி கழட்டுறன் எண்டு கொண்டு போயிடுவான். மூண்டு தரம் ஓடி, இருந்த எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள். இது செத்தாலும் கூரையில கிடக்கட்டும்."

"மாத்தித் தரத்தானே வந்தவர்?"

"தந்தவன் ஆரடி இதுவரைக்கும்?"

அடுத்த வீட்டிலும் நல்லா எரிந்தது. அதற்கடுத்த வீட்டிலும் எரிந்தது. கனகலிங்கம் இளநீர் வெட்டினார்.

"எங்கட வீட்டில கலியாணமே நடத்தலாம் தம்பி, அவ்வளவு வெளிச்சம்."

ஹாலிதா அவரைப் பார்த்தாள். அவர் இளநீர்க் கோம்பையைப் பார்த்தார்.

கடைசியாக அவளுடைய வீடு. சுகந்தன் சுவிச்சைத் தட்டினான். பல்ப் எரிந்தது.

"எரியுதே அக்கா."

"கொஞ்சம் நில்லுங்கோ."

அவளுக்குக் கோபம் வரவில்லை. காலையில் குடத்தை எடுக்கிறமாதிரி நெல்லுச் சாக்கை எடுத்துக் கிணற்றடி வாளியில் முக்கினாள். ஏணியைச் சாத்தி ஏறி, பனல் முழுக்க மூடும்படி ஈரச் சாக்கை விரித்தாள். இறங்கிக் கதவையும் யன்னலையும் சாத்தினாள். வேலியடியில் சனம் கூடிவிட்டது.

உள்ளே பல்ப் கொஞ்ச நேரம் எரிந்தது. மங்கி, சிவந்து, அணைந்தது. தையல் மெசின் இருந்த மூலை தெரியவில்லை.

"இதுதான் இரவு," என்றாள் ஹாலிதா.

சுகந்தன் கதவைத் திறந்து வெளியே போனான்.

"கண்ணால பாத்திட்டன். ஆனால் இது ஒரு வீடுதானே அக்கா."

"மற்றதும் இப்பிடித்தான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். அவையள் சொல்லேல்லையே." வேலிப் பக்கம் திரும்பினான். "ஐயா, உங்கட வீட்டிலயும் ஒருக்கா மூடிப் பாப்பமே?"

"என்னத்துக்குத் தம்பி?" என்றார் கனகலிங்கம். "நாங்கள் வெள்ளனப் படுக்கிற ஆக்கள்."

யாரோ சிரித்தார்கள். அமராவதி சிரிக்கவில்லை. காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

சுகந்தன் ஹாலிதாவின் பற்றரியைக் கழற்றினான். சோதித்துப் பார்க்க வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். திரும்பி வருமா என்று கேட்டாள். பற்றரியை ஓமந்தையால் உள்ளே கொண்டுவர ஆமியிடம் அனுமதி எடுக்கவேண்டும், பாப்பம் என்றான். பொய் சொல்லத் தெரியாத பொடியன். மோட்டார் சைக்கிளின் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு, வெயில் சாய முதலே வெளிக்கிட்டான்.

"பாத்தியே, கொண்டு போயிட்டான்," என்றாள் அமராவதி. "நான் அப்பவே சொன்னனான்."

"என்னட்டைத்தானே சொன்னீங்கள். பழுதெண்டு அவரிட்டைச் சொல்லேல்லையே."

ஹாலிதா உள்ளே போய், தைக்காமல் கிடந்த வெள்ளைத் துணியை மடித்துப் பையில் வைத்தாள். கடைக்கு நடந்தாள். நவ்பர் துணியை விரித்துப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

"ஏன் தங்கச்சி, தைக்கேல்லையே?"

"ஏலாது நானா. வெளிச்சம் இல்லை."

அவர் யோசித்தார். உள்ளே போய் நீலத் துணிக் கட்டொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சின்னப் பொடியன்களின் காற்சட்டைத் துணி.

"இதில கரி பிடிச்சாலும் தெரியாது. ஆனால் சட்டைக்குத் தாற கூலி தர ஏலாது."

"தாங்கோ."

"கொம்பனியால ஆள் வந்ததெண்டு கேள்விப்பட்டன். என்னவாம்?"

ஹாலிதா நீலத் துணியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"எல்லா வீட்டிலயும் நல்லா எரியுதாம்," என்றாள்.