கீழே நிற்கிற ஆள்

தேர்தலில் நிற்கும் நல்லக்கண்ணுவின் ஆட்கள் வில்வண்டியிலிருந்து குதித்து, "சங்குண்ணி அண்ணாச்சி, ஓட்டுப் போட வாரும்" என்று கூப்பிட்டபோது, குற்றாலிங்கம் அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தான்.

"விடியக்காலமே போயிட்டாரு" என்றான்.

முன்னால் வந்த தளவாய் தலையில் கைவைத்தான். "மத்தியானம் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதாவே? பத்துப் பன்னெண்டு ஓட்டுலதான் இழுபறி."

தப்பு அப்பா பேரில்தான் என்று குற்றாலிங்கத்துக்கே பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

புனலூரிலிருந்து மலை தாண்டி, தென்காசி மரக்கடைக்கு அறுப்பு வேலைக்கு அப்பா வந்து முப்பது வருஷம். வீட்டில் ஒருத்தனாவது உள்ளூர்க்காரனாக இருக்கட்டும் என்று மகனுக்குக் குற்றாலத்துச் சாமி பேரை வைத்தார். பஞ்சாயத்துத் தேர்தல் பட்டியலில் இந்த வருஷம்தான் அவர் பேர் ஏறியது. ஒரு வாரமாக உழக்குக்குள் காகிதத்தை மடித்துப் போட்டுப் பழகினார். நேற்று ராத்திரி வெளுத்த வேட்டியோடுதான் படுத்தார். பிணத்துக்குக் கோடித்துணி மாற்றுகிற வேலை மிச்சமாயிற்று.

கொஞ்ச நேரத்தில் நல்லக்கண்ணுவே வந்தார். தெருவுக்கும் இடுகாட்டுக்கும் அவர் சொல்தான். குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம இடுகாட்டுல வெளியூர்க்காரனுக்கு வழக்கம் இல்லப்பா. வண்டி தாரேன். புனலூருக்குக் கொண்டு போயிரு."

உள்ளே அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் புனலூரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தலை பாதி ஆடிவிட்டது. தலையாட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

"நில்லுலே" என்றார் சுடலைமாடன்.

அப்பாவோடு ரம்பத்தின் மறுமுனை பிடித்தவர். பெரிய மரத்தடியை உயரத்தில் ஏற்றி அறுக்கும்போது ஒருவன் மேலே நிற்பான், ஒருவன் கீழே. கீழே நிற்பவனுக்குக் கண்ணிலும் வாயிலும் மரத்தூள். "வந்தவன் கீழ நில்லு" என்று முதல் நாள் சுடலைமாடன் சொன்னது முப்பது வருஷமும் மாறவில்லை. அப்பா தும்மினால்கூடத் தேக்கு மணக்கும்.

"அண்ணாச்சி, நேத்து இதே வாசல்ல 'நம்மூர்க்காரரே'ன்னு கும்பிட்டது ஆரு?"

"அது ஓட்டுக்குடே."

"குழிக்கும் அதே ஊருதான். அறுப்புக்காரங்க நாங்க பன்னெண்டு பேரு இன்னும் ஓட்டுப் போடல. இவன இங்கன அடக்கம் பண்ணாம ஒருத்தனும் வாரதா இல்ல. அஞ்சு மணிக்குப் பெட்டியப் பூட்டுதாவளாம்."

நல்லக்கண்ணு வெயிலைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடையின் முன்காலில் தோள் கொடுத்தார். வழியெல்லாம், பழக்க தோஷம், ஒரு கையால் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போனார்.

குழிக்குள் இறங்கி உடலை வாங்கிக் கிடத்த ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். குற்றாலிங்கம் வேட்டியை மடித்தான். சுடலைமாடன் அவனை ஒதுக்கிவிட்டு இறங்கினார்.

"கீழ நான் நிக்கேன். மெதுவா விடுங்கலே."

விட்டார்கள். கரை மண் பொலபொலவென்று சுடலைமாடன் முகத்தில் உதிர்ந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். துடைக்க முடியவில்லை, இரண்டு கையிலும் அப்பா இருந்தார்.