சோதனைகளின் வேலைநிறுத்தம்

பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் இணையதளத்தைச் சரிபார்க்கும் சோதனைகள் அன்று காலை வேலைக்குப் போகாமல் சங்க அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டன.

கம்ப்யூட்டருக்குள் ஓடும் அந்தச் சிறு நிரல்களை எழுதியவர் சிங்கராயர். ஆயுசில் பாதியை ஆலை வாசல்களில் நோட்டீஸ் கொடுத்தே கழித்தவர். மீதிப் பாதியில் அந்த நோட்டீஸ்களை எழுதினார். சங்கத்தின் இணையதளம், கடவுச்சொல் தெரிந்த எவரும் உள்ளே போய் எழுத்தை மாற்றிவிட்டு வரக்கூடிய வகையைச் சேர்ந்தது. சங்கத்தில் கடவுச்சொல் தெரியாதவர் யாருமில்லை. அதனால்தான் சோதனைகள் தேவைப்பட்டன. யாராவது எதையாவது மாற்றினால் அவை தளத்துக்குள் போய் ஆளுக்கொரு கேள்வி கேட்கும். தேடல் பெட்டி தேடுகிறதா? சந்தாப் பொத்தான் அழுந்துகிறதா? ஒரே ஒரு சோதனை ‘இல்லை’ என்று சொன்னாலும் போதும், மாற்றம் வெளியே போகாது.

கம்ப்யூட்டர் சென்டர் பெண் அவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்கும்போதே எச்சரித்தாள். “பொத்தான், படம், பெட்டி இதுகள மட்டும் பாக்கச் சொல்லுங்க சார். வாசகத்தைப் பாக்கச் சொல்லாதீங்க. அது மாறிக்கிட்டே இருக்கும்.”

“வாசகம் மாறிக்கிட்டே இருந்தா அது சங்கம் இல்லம்மா, சினிமா தியேட்டர்” என்றார் சிங்கராயர்.

முகப்பில் அவர் எழுதிய வரி இருந்தது: ‘ஆலை நம்முடையதல்ல, நாம் இல்லாவிட்டால் அது ஆலையுமல்ல.’ தன் பெயர் போடாத எத்தனையோ நோட்டீஸ்களில் அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். அதைக் காக்கவே ஒரு சோதனையை எழுதினார். எல்லாச் சோதனைகளையும் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினார். ‘சந்தாப் பொத்தான் அழுந்த வேண்டும்! இல்லையேல் நகர மாட்டோம்!’ இப்போது அவை நகரவில்லை.

புதிய செயலாளர் பூங்கோதை செருப்பைக் கழற்றிக்கொண்டே சிங்கராயரிடம் கேட்டாள்: “என்ன தோழர், வாசல்ல உங்க ஆளுங்களா?”

“ஆமா.”

“அப்ப நல்லதாப் போச்சு. சாயங்காலம் முகப்பு வரியை மாத்திடறேன். இல்லன்னு சொல்ல ஆளில்லையே.”

“என்னன்னு மாத்தப் போறே?”

“‘சங்கம் உங்களை அன்புடன் வரவேற்கிறது.’”

“ஜவுளிக்கடை திறக்கறியா?”

“கூட்டம் வந்தா சரிதான்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சிங்கராயர் வாசலுக்கு வந்தார். முகப்பு வரியைக் காக்கும் சோதனைதான் முன்னால் உட்கார்ந்திருந்தது.

“என்னப்பா வேணும் உங்களுக்கு?”

“பக்கம் திறக்கற வரைக்கும் நின்னு காத்துக் கிடக்கோம் தோழர். அதையும் வேலை நேரத்துல சேக்கணும்.”

“அது எல்லா இடத்துலயும் உள்ள நடைமுறைதானே.” ஆலை மேனேஜர் அவரிடம் சொன்ன வாக்கியம் அது. இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவர் அறிந்திருக்கவில்லை. “முதல்ல வேலைக்குப் போங்க. அப்புறம் உக்காந்து பேசுவோம்.”

“மேனேஜர் நாற்காலி நல்லாத்தான் பொருந்துது தோழருக்கு” என்றது சந்தாப் பொத்தானின் சோதனை. மற்றவை சிரித்தன.

அலுவலகத்துக்குள்ளிருந்து பூங்கோதையின் குரல் வந்தது. “நீங்களே உள்ள போய் நிக்கலாமே தோழர்! நான் வரியை மாத்தறப்ப இல்லன்னு சொன்னாப் போதும். தடுக்கவா போறேன்?”

அது முறையான யோசனைதான். சிங்கராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இணையதளத்தின் படியில் ஒரு காலை வைத்தார். சோதனைகள் மறிக்கவில்லை. அவர் போக வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டன. முகப்பு வரியின் சோதனை மட்டும் தாழ்ந்த குரலில், “கருங்காலி” என்றது.

வேலைநிறுத்தத்தை மீறி ஆலைக்குள் போன எத்தனையோ பேர் முதுகில் அந்தச் சொல்லை அவர் எறிந்திருக்கிறார். திரும்பி வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார்.

“சிங்கராயர் ஒழிக” என்று சோதனைகள் கோஷமிட்டன. குரலில் சத்தே இல்லை.

“கல்யாண வீட்டுல பாய் விரிக்கவா வந்தீங்க? ‘ஒழிக’வை வயித்துலேருந்து எடுக்கணும்” என்றவர், முஷ்டியை உயர்த்தித் தானே முதலில் சொன்னார். “சிங்கராயர்...”

“ஒழிக!”

தெருமுனைப் பரோட்டாக் கடைவரை கேட்டது. அவருக்குத் திருப்தியாக இருந்தது. வரி போகப் போகிறது என்பதும் தெரிந்தே இருந்தது.

சாயங்காலம் பூங்கோதை கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“தோழர், முகப்புப் பக்கம் இந்தப் பக்கம் வந்துச்சா? அது இடத்துல இல்ல. மாத்தணும்.”

அது அப்போதுதான் தளத்தின் படிகளில் பக்கவாட்டாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அகலம் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. நெற்றியில் அந்த வரி அப்படியே இருந்தது. அது வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசிக்கு வந்து, சிங்கராயருக்குப் பக்கத்து இடத்தைக் காட்டிக் கேட்டது.

“இங்க யாராவது வராங்களா தோழர்?”

“இல்ல, உக்காருங்க” என்று சிங்கராயர் சுவரோரமாக நகர்ந்துகொண்டார்.