பிரண்டை முளைக்கும் இடம்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் உதயன் குடியிருக்கும் வீட்டுச் சமையலறை யன்னலில் தயிர்க் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரண்டைத் துண்டு. எல்லாம் அடியிலிருந்து மஞ்சளாகி, தொட்டால் கூழாகின. முந்தைய முறை நட்டவையும் இப்படித்தான் போயின.

கொடியைத் தந்தவர் பத்திநாதர். புறநகரான ஓல்னே-சூ-புவாவில் இருக்கும் புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர். அவருடைய கட்டடத்தின் வெளிச்சுவரைத் திருத்தப் போகிறார்கள் என்று பால்கனியை வெறுமையாக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் தொட்டிக்கு இடமில்லை. கொடி முழுவதையும் வெட்டி உதயனிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் ஒரு கன்று திருப்பித் தந்தால் போதும் என்றார். இப்போது அவரிடம் கொடி இல்லை. உதயனிடம் மிஞ்சியிருப்பது ஒரு முழம்.

எங்கே பிழை? தண்ணீரைக் குறைத்துப் பார்த்தான். குளிராக இருக்கலாமென்று கோப்பைகளை ஹீட்டர் பக்கம் நகர்த்தினான். மண்ணையும் மாற்றினான். உணவகத்தில் அவனோடு சமைக்கும் விதுஷன் ஒருநாள் வீட்டுக்கு வந்து அவற்றைப் பார்த்தான்.

“அண்ணை, இது பிரண்டையே இல்லை, கள்ளி. ஐயா உங்களிட்டைக் கள்ளியைத் தந்துபோட்டுக் கன்று கேக்கிறார்.”

உதயனுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கள்ளியிலும் சதைப்பற்றான, விளிம்புள்ள பச்சைத் தண்டு உண்டு. கொடியின் நுனியை ஒடித்துப் பார்த்தான். கள்ளியென்றால் வெள்ளைப் பால் வடியும். இதில் நிறமற்ற சாறுதான் வந்தது, விரலும் அரித்தது. விளிம்பில் முள் இல்லை. கணுவுக்குக் கணு ஒரு பக்கம் இலை, எதிர்ப்பக்கம் நூல்போலச் சுருண்ட பற்றுக்கம்பி. கள்ளிக்குப் பற்றுக்கம்பி ஏது? இது பிரண்டையேதான். அப்படியானால் ஏன் அழுகுகிறது? முன்னைவிடக் குழம்பிப்போய் பத்திநாதருக்கு போன் செய்தான். அவருக்கும் விளங்கவில்லை.

“நான் சும்மா ஒடிச்சு சொருகுவேன் தம்பி. தானா வந்துடும்.”

உதயனும் சொருகத்தானே செய்தான்?

ஞாயிற்றுக்கிழமை கடைசி முழத்தை எடுத்தான். அரிக்காமலிருக்க உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவி, கொடியைப் பலகையில் கிடத்தி, கத்தியை வைத்தான். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி தயாளினி எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, நடப்போறியளோ, சம்பல் அரைக்கப்போறியளோ?”

கத்தி நின்றது.

துவையல்போல அரைக்கும் சம்பலுக்குப் பிரண்டையைத் துப்புரவாக்கும்போது, நார் மிகுந்த கணுக்களை வெட்டி எறிந்துவிட்டு இடைத்தண்டை மட்டும் எடுப்பது வழக்கம். சமையல்காரனின் கை நடும்போதும் அதையே செய்திருந்தது. கணுக்களெல்லாம் குப்பைக்குள் போயிருந்தன.

கொடியை வெளிச்சத்தில் பிடித்தான். இலை கணுவில். பற்றுக்கம்பி கணுவில். கிளை பிரிந்த தழும்பும் கணுவில்தான். இரண்டு கணுக்களுக்கு நடுவே வழுவழுப்பைத் தவிர ஒன்றுமில்லை. அந்தப் பகுதி தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது; புதிதாக எது வந்தாலும் கணுவிலிருந்தே வருகிறது. பத்திநாதர் நடும்போது கத்தி எடுக்காமல் ஒடிப்பார். கையால் ஒடித்தால் பிரண்டை கணுவில் விட்டுக்கொடுக்கும். அதனால் அவருடைய துண்டுகளில் எப்போதும் கணு இருந்தது.

இம்முறை கணுக்களை விட்டுவைத்து வெட்டினான். வெட்டுவாய் காயும்வரை சில நாள் வெளியே வைத்துப் பிறகு நட்டான். ஏப்ரலில் ஒரு துண்டை மெல்லக் கிளறிப் பார்த்தபோது கீழ்க்கணுவில் வெள்ளை வேர் இருந்தது. மேற்கணுவில் இலை விரிந்திருந்தது. பத்திநாதருக்குரிய கன்று அது. பிரண்டை நடுவதற்கு இரண்டு கணுவுள்ள துண்டு வேண்டும்: ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு மண்ணுக்கு மேலே.