ரெமி என்ற பேர்

பாரிசிலிருந்து தம்பி கூப்பிட்டபோது ரஜீவன் தோணிக்குள் தேங்கிய தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். கரையில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்த அப்பா இராசையா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். அவருக்கு வெளிநாட்டு அழைப்பு வந்தால் துறைமுகம் முழுக்கக் கேட்க வேண்டும்.

"பிள்ளைக்கு ரெமி எண்டு பேர் வச்சிருக்கிறம், அப்பா. லத்தீனில இருந்து வந்த பிரெஞ்சுப் பேர். துடுப்பு வலிக்கிறவன் எண்டு கருத்து."

இராசையா வாய்விட்டு அழுதார். நங்கூரம் போட்ட படகுகளுக்கு ஆள் ஏற்றி இறக்கியே காலம் தள்ளியவர். தோள்பட்டை பழுதாகி அவர் கரையேறியபோது ரஜீவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அன்றைக்கு அவரிடமிருந்து வாங்கிய துடுப்பை அவன் இன்னும் விடவில்லை. அதற்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. நட்சத்திர எழுத்துப் பார்த்து அவன் மகனுக்கு யதுர்சன் என்று வைத்தபோது, "உது என்ர வாயில வராது" என்றவர் இதே அப்பாதான். ரெமி மட்டும் பாயாசம் மாதிரி இறங்கிற்று.

மறுநாள் தன் படகுக்குப் போகத் தோணியேற வந்த மீனவர் ஸெய்னுதீனிடமும் அவர் பேரனின் பெருமையை அளந்தார். ஸெய்னுதீன் ரஜீவனைக் காட்டிச் சிரித்தார். "அப்ப இந்த வலிக்கிறவருக்கு என்ன பேர் வைக்கிறது?"

அப்பா சிரித்தார். ரஜீவனும் சிரித்தான். தொட்டில் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட வெட்கமாகத்தான் இருந்தது. பட்டான்.

பின்னேரம் அப்பா கேட்டார். "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பாரிசுக்குப் போறார். துடுப்பின்ர பிடியை அறுத்துத் தா. என்ர கை பட்டுத் தேஞ்ச இடம். பேரன்ர தொட்டிலுக்கு மேல தொங்கட்டும்."

"அப்ப நான் எதால வலிக்கிறது?"

"உனக்குப் புதுசு ஒண்டு வேண்டினாப் போச்சு."

ரஜீவன் போய் மரம் அறுக்கிற வாளை எடுத்துவந்தான். அறுக்கமுன் அப்பா அதைப் பிடித்திருப்பதைத் தம்பி பார்க்க வேண்டுமாம். வீடியோவில் வந்திருந்தான், மடியில் பிள்ளையோடு. ரஜீவன் இடக்கையில் ஃபோனை நீட்டிப் பிடித்தான்.

இராசையா துடுப்பின் பிடியைப் பற்றினார். மரத்தில் பெருவிரல் பதிந்த பள்ளம் அவருடைய விரலுக்கு எட்டாமல் தள்ளிக் கிடந்தது. கையை மாற்றினார். நகர்த்தினார்.

"என்ன இது, கைக்குள்ள வருகுதில்லை?"

ரஜீவனுக்கு விடை தெரியும்.

"வடிவாப் பிடியுங்கோ, அப்பா. தம்பி பாத்துக்கொண்டிருக்கிறான்."

அவர் இன்னொருதரம் பிடித்துப் பார்த்தார். பிறகு துடுப்பை மடியில் கிடத்திவிட்டு, அந்தப் பள்ளத்தையும் வாளைப் பிடித்திருந்த ரஜீவனின் பெருவிரலையும் மாறிமாறிப் பார்த்தார். ஃபோனுக்குள் ரெமி வீறிட்டு அழத் தொடங்கினான். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.