சின்னப்பையன் வீட்டுப் பனி

சித்திரை மாதம் பத்தாம் தேதி பகல் பதினொரு மணிக்கு, திருவான்மியூர் குப்பத்தில் ஹவில்தார் சின்னப்பையனின் வீட்டுக்குள் பனி பெய்ய ஆரம்பித்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று அவர் வீட்டுக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. வெளியே தார் ரோடு இளகிக் கிடக்க, உள்ளே பாயில் படுத்திருந்தவர் மேல் வெள்ளையாகக் கொட்டியது. மத்தியானத்துக்குள் கணுக்கால் அளவு ஏறிவிட்டது. அவர் மனைவி தேவானை முறத்தால் வாரி வாசலில் போட்டாள். அது உருகுவதற்குள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா ஒரு கூடை வஞ்சிரத்தைக் கொண்டுவந்து அதில் புதைத்துவிட்டாள். மீன் விற்கிறவர்களுக்கு ஐஸ் வீட்டுக்குள்ளேயே கிடைத்தால் யார்தான் காரணம் கேட்பார்கள்?

ஆறு வருஷம் யாரும் கேட்கவில்லை. விடியும்போதே குப்பத்து ஜனம் கூடையோடு வரிசையில் நிற்கும். கல்யாணத்துக்கு ரோஸ்மில்க் கலக்க அடையாறிலிருந்து ஆள் வந்து சாக்கில் அள்ளிப்போனார்கள். முன்னாள் படைவீரர்களுக்கென்று இருந்த ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் குடையோடு வந்து, முழங்கால் பனியில் நின்று, சுவரைத் தட்டிப் பார்த்து, 'வீட்டில் ஓதம் உள்ளது, சுண்ணாம்பு அடிக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தேவானை மீன் கெடாது என்று ராஜா அண்ணாமலைபுரம் வரைக்கும் பேர். அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை முழுக்க அவரை யாரும் பேச்சுக்கு இழுக்காமல் விட்டால், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு நன்றாகக் கொட்டும். அதனால் சனிக்கிழமைகளில் அவளும் பேசாமலே இருந்தாள். கெட்டவள் இல்லை, ஆனால் செய்தது அதுதான்.

ஏழாம் வருஷம் ஒரு புதன்கிழமை காலையில் பனி நின்றுவிட்டது. கூடைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். தேவானைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சின்னப்பையனோடு பட்டாளத்தில் இருந்த லாரன்ஸ், தி.நகரில் ஒரு நகைக்கடை வாசலில் பொன்நிறப் பித்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துக் கதவு திறந்துகொண்டிருந்தான். அவனுக்குப் போன் போட்டாள்.

"லாரன்சு, இன்னிக்குப் பெய்யல! அவருக்குச் செரியாயிடுச்சி. சேவிங் பண்ணிக்கினு, சிரிச்சிக்கினே ரெண்டு தபா கொழம்பு ஊத்தித் துன்னாரு. வாட்ச்சக் கயட்டி பச்சையம்மா மருமவனுக்குக் குட்த்துட்டாரு. பென்சன் பேப்பரு எங்க கீதுன்னு எனக்குக் காட்டினாரு."

லாரன்ஸ் கதவை விட்டுவிட்டு ஓரமாக நகர்ந்தான். "அண்ணி, போன வச்சிட்டு ஓடு. அண்ணன் கையப் புடி. எங்க ஆளுங்க ரெண்டு பேரு இப்டிதான் ஒரு நாளு திடீர்னு சிரிச்சானுங்க, மறுநாளு இல்ல. சாவுற நெனப்பு கீதான்னு நேராக் கேளு. கேட்டா நாமளே கெளப்பி வுட்ட மாதிரி ஆவாது. கேளு அண்ணி. நான் வந்துக்கினே கீறேன்."

சின்னப்பையன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தேவானை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வாட்ச் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"செத்துப் போலாம்னு நெனச்சிக்கினு கீறியாய்யா?"

யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்ததால் அவர் பொய் எதையும் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

"ஆமா."

"காலைலேர்ந்து என்னாண்ட சிரிச்சியே! அத்த நம்பிக் கோயிலுக்குத் தேங்கா வாங்கி வச்சிக்கீறேன். கட்டினவள இப்டியா ஏமாத்துவ?"

"நானா ஏமாத்தினேன்? ஆறு வருசம் என் மேல வுயுந்தத அள்ளி வித்தியே. இன்னாத்துக்குய்யா பெய்யுதுன்னு ஒரு நாளு கேட்டியா நீ?"

தேவானை பிடித்த கையை விடாமல் அவரை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். "இப்பக் கேக்கறேன். சொல்லு" என்றாள்.

அவர் சொல்ல ஆரம்பித்ததும் பனியும் ஆரம்பித்தது. பத்தொன்பதாயிரம் அடி உயரத்தில் ஒரு காவல் கூடாரம். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். அவர் முறையை இனாயத் என்கிற சிநேகிதன் வாங்கிக்கொண்டான். மலை சரிந்து இனாயத்தை மூடியது. 'ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறோம்' என்று ரேடியோ சொன்னது. ஒவ்வொரு மணிக்கும் அதையே சொன்னது. நாலாம் நாள் வந்தார்கள். அதுவரை வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்த சின்னப்பையனிடம், இதைப் பற்றி வெளியே பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் பேசவில்லை. இப்போது பேசினார். பனி இடுப்புக்கு ஏறி மார்புக்கு வந்தது. தேவானை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு கேட்டாள். கொட்டுவதைப் பார்த்துவிட்டுக் கூடையோடு வந்து கதவைத் தட்டியவர்களிடம், "கெடையாது. இனிமே எப்பவும் கெடையாது" என்று உள்ளிருந்தே கத்தினாள். பித்தான் சட்டையோடு ஓடி வந்த லாரன்ஸ், பாதியில் ஓடி வந்ததில் கடை வேலை போன விஷயத்தைச் சொல்லாமல், பனியை விலக்கிக்கொண்டு அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலமே மூவரும் ஷேர் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனார்கள். மருந்துச் சீட்டின் மேல் விழுந்த பனியைப் புறங்கையால் தள்ளிவிட்டு, டாக்டரம்மாள் எழுதினாள். வாரா வாரம் வரச் சொன்னாள். சின்னப்பையன் போகிறார். குப்பம் ஒரு மாதம் தேவானையோடு பேசவில்லை. வயிற்றில் அடித்துவிட்டாளாம், நம்பினவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டாளாம். அவளும் இப்போது எல்லோரையும் போல ஐஸ் பார் வாங்குகிறாள். மத்தியானத்துக்குள் உருகிவிடுகிறது. பக்கத்துச் சந்துக்கே குடி வந்துவிட்ட லாரன்ஸ் தினமும் காலையில் அவரோடு டீ குடிக்க வருகிறான்.

பனி இன்னும் பெய்கிறது, முன்பு போல தினமும் இல்லை. பெய்கிற நாளில் வியாபாரத்துக்குப் போகாமல் கூட உட்கார்ந்து கேட்கிறாள். பெய்யாத நாளில், சாகிற நினைப்பு இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்கிறாள். நேற்றுப் பெய்யவில்லை. காலையில் கேட்டாள்.

"இன்னிக்கு இல்ல" என்றார் சின்னப்பையன்.

சரியென்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.